தொலைக்கிறதுக்கு ஒண்ணு

தாளைக் கையில் வாங்கியதும் நகல் இயந்திரத்தில் வைக்க மாட்டாள். முதலில் படிப்பாள். மேல் ஓரத்து முத்திரையில் தொடங்கி அடியில் இருக்கும் கையெழுத்து வரை, உதடு அசைய, ஒரு வரி விடாமல். பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். ஒருவருக்குப் பேருந்து கிளம்பிக்கொண்டிருக்கும். இன்னொருவருக்கு எதிர் அலுவலகத்தில் ஜன்னலை மூடிக்கொண்டிருப்பார்கள். அவளுக்கு அதெல்லாம் காதில் ஏறாது.

"ஏம்மா, காப்பி எடுக்கச் சொன்னா பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்கிறியே?"

"படிக்காம எடுத்தா எழுத்து சரியா விழாது சார்," என்பாள், நிமிராமலே.

படித்து முடித்த தாளைக் கண்ணாடியின் மேல் குப்புறப் போட்டு, மூடியைச் சாத்தி, அதன் மேல் இடது உள்ளங்கையை வைத்துக்கொள்வாள், பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. வெளிச்சம் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்வரும். மூன்று நகல் கேட்டவருக்கு நான்கு வந்து விழும்.

"மூணுதானே கேட்டேன்?"

"மூணு ஆபீசுக்கு. ஒண்ணு தொலைக்கிறதுக்கு."

அதனால் அவளுக்கு நாலு அக்கா என்று பெயர். எண்ணிக்கை ஏன் உதைக்கிறது என்று முதலாளி போனில் கத்துவார். "மெஷினுக்குத் திக்குவாய் முதலாளி," என்பாள் நாலு அக்கா. "ஒரு தடவை சொல்லச் சொன்னா ரெண்டு தடவை சொல்லுது. நான் என்ன பண்ண?"

கடை என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்த சாய்வான இடம் அது. உயரமானவர் உள்ளே வந்தால் தலையில் படி இடிக்கும். அக்கா குள்ளம். "எனக்கு அளவெடுத்துக் கட்டின படி" என்று பெருமை பேசுவாள். ஓர் இயந்திரம், ஒரு முக்காலி, இழுப்பறை வைத்த மேசை, யாரும் தூக்கிக்கொண்டு போகாதபடி கயிற்றில் கட்டிய பேனா. எதிரே சான்றிதழ் கொடுக்கும் அலுவலகமும் அதில் பிழை திருத்தும் அலுவலகமும் ஒரே வரிசையில். பிறந்தவர், படித்தவர், மணந்தவர், பிரிந்தவர், செத்தவர் எல்லாருடைய காகிதமும் அக்காவின் கண்ணாடி வழியாகத்தான் போயாக வேண்டும்.

அந்தக் கண்ணாடியில் ஒரு கீறல். யாரோ குண்டூசியை எடுக்காமல் தாளை இழுத்தபோது விழுந்தது. அதனால் அவளிடம் எடுத்த ஒவ்வொரு நகலிலும் இடப்பக்கம் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று இருக்கும். மேலிருந்து இறங்கி, லேசாகச் சாய்ந்து, அடியில் ஒரு விரல்கடை மிச்சம் வைத்து நின்றுவிடும். பார்க்கிறவர்களுக்குத் தலைமுடி என்றே தோன்றும். தட்டுவார்கள். போகாது. ஊதுவார்கள். நகத்தால் கிள்ளி எடுக்கப் பார்ப்பார்கள். அக்கா முகத்தை மாற்றாமல், "இன்னும் கொஞ்சம் பலமா ஊதுங்க, பறக்கப் பாக்குது" என்று உற்சாகப்படுத்துவாள். ஒருநாள் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர், "என்னம்மா இது, முடி கிடக்குது?" என்று சீறினார். அக்கா தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "உங்களது இல்லைன்னு மட்டும் தெரியுது சார்." வரிசை முழுக்கச் சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

நான் முதன்முதலாக அங்கே போனது பட்டப்படிப்பு முடித்த மாதம். எங்கள் வீட்டில் காகிதம் என்றால் பயம். அப்பா கிடங்கில் மூட்டை இறக்குகிறவர். நூறு கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு பேச்சுக் கொடுத்தபடியே நடப்பார். என் மதிப்பெண் பட்டியலை மட்டும் இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்குவார். அம்மா எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள். அந்த உறையை அப்படியே அக்காவிடம் நீட்டினேன். ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு மூன்றை மட்டும் எடுத்து மேசையில் பரப்பினாள்.

"ஏன்டி, உனக்கு எத்தனை அப்பா?"

எனக்குச் சுருக்கென்றது. "என்ன பேசறீங்க நீங்க?"

"நான் பேசல. இது பேசுது. பொறந்தப்ப ஒரு அப்பா, பள்ளிக்கூடத்துல ஒரு அப்பா, காலேஜ்ல வேற ஒருத்தர். பாரு."

பார்த்தேன். அப்பாவின் பெயர் ஒன்றில் ஓர் எழுத்து கூடுதலாகவும் ஒன்றில் ஓர் எழுத்து குறைவாகவும் இருந்தது. மூன்றாவதில் முதலெழுத்தே வேறு. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அது அப்படியேதான் இருந்திருக்கிறது. எடுத்துப் பார்க்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

"இதோட எங்க போனாலும் வாசல்லயே நிக்க வச்சிருவாங்க. எதிர்ல ரெண்டாவது மாடி. மொதல்ல அங்க போ. அப்பாவையும் கூட்டிட்டுப் போ," என்று சொல்லிவிட்டு, "மூணு பேரையும்," என்றாள்.

திருத்தம் கேட்கும் படிவத்தை நான் நான்கு முறை பாழாக்கினேன். ஒரு கட்டத்தில் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. என்னுடன் படித்தவர்களின் வீடுகளில் அண்ணன் நிரப்பிய பழைய படிவம் ஒன்றாவது இருக்கும். பார்த்து எழுதினால் போதும். நான் பேருக்கான கட்டத்தில் முகவரியையும் முகவரிக்கான கட்டத்தில் தேதியையும் எழுதிவிட்டு, கயிற்றில் கட்டிய பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"எதுக்கு இப்ப மூக்கை உறிஞ்சற? உங்க வீட்டுல நீதான்டி ஒரிஜினல். பாத்து எழுத முன்னால ஒரு தாள் கெடையாது. அடிச்சு அடிச்சுத்தான் எழுதணும். இந்தா, அஞ்சாவது."

அதற்குப் பிறகு நான் அவளுக்கு ஒரிஜினல். தெருக்கோடியில் என்னைப் பார்த்ததுமே குரல் வரும்: "வழி விடுங்க, ஒரிஜினல் வருது. யாரும் மடக்கிடாதீங்க!"

ஊர்க் காகிதத்தை எல்லாம் படித்தாலும், ஒரு வரி வெளியே போகாது. "கண்ணாடி பாத்தது கண்ணாடியோட" என்பாள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கமான தவறு உண்டு. நகல்களை ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணி வாங்கிக்கொண்டு, அசலை மூடிக்குள்ளேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அக்கா தாளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடுவாள். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள், காகிதத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். "ஏய் பத்தாவது! நில்லு!" "சார், வீட்டுப் பத்திரம்! வீட்டுப் பத்திரம் சார்!" விவாகரத்து ஆணையை விட்டுவிட்டுப் போனவரை மட்டும் பேருந்து நிறுத்தம் வரை கூப்பிடாமலே ஓடிப் பிடித்தாள். மூச்சு வாங்கத் திரும்பிவந்தவள், "அவரை என்னன்னுடி கூப்பிடறது?" என்றாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டே, "அசலை விட்டுட்டு நகலைத் தூக்கிட்டு ஓடறதே இவங்களுக்கு வேலையாப் போச்சு," என்றாள்.

ஒருநாள் அந்தத் தவறை அவளே செய்தாள்.

மதிய நேரம். அவள் கை கழுவப் போயிருந்தாள். என் தாளை நானே வைத்துக்கொள்ளலாம் என்று மூடியைத் தூக்கினேன். உள்ளே ஒரு பழைய மதிப்பெண் பட்டியல், பத்தாம் வகுப்பு. எல்லாவற்றிலும் தேறியிருந்த பெண் கணக்கில் மட்டும் பத்தொன்பது. பெயரைப் படிப்பதற்குள் ஈரக் கை ஒன்று வந்து அதைப் பிடுங்கியது. அத்தனை பேருடைய காகிதத்தையும் வரிசைக்கு முன்னால் வைத்துப் படிக்கிறவள், அதை மட்டும் புடவை மடிப்புக்குள் செருகிக்கொண்டாள்.

"பாத்துட்டியா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. படிச்ச புள்ளைங்களுக்குப் பொய் சொல்ல வராது, கண்ணு அலையும்."

அப்புறம் அவளே சொன்னாள். ஆறு முறை எழுதியாயிற்று. அவளுடைய மகள் அப்போது எட்டாம் வகுப்பு. பள்ளியில் சேர்க்கும்போது தாயின் கல்வித் தகுதி என்ற கட்டத்தில் அக்கா 'பத்தாம் வகுப்பு' என்று எழுதியிருந்தாள். "பொய்யில்லையே? பத்தாவது வரைக்கும் போனேன்ல? தேறினேன்னு எழுதலையே?" என்று என்னிடமே வழக்காடினாள். ஆனால் மகள் அதை அப்படியே நம்பிவிட்டாள். எங்கம்மா பத்தாவது பாஸ் என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "அவ பத்தாவது வர்றதுக்குள்ள நான் தாண்டிடணும்டி. இல்லன்னா அம்மாவும் பொண்ணும் ஒரே வருஷம் எழுதணும். யாரைப் பாத்து யாரு எழுதறது?" சிரித்தாள். அந்தச் சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

அன்றிலிருந்து மதியங்களில் கதவைப் பாதி இறக்கிவிட்டு, சாப்பாட்டு டப்பாவை ஓரமாக நகர்த்திவிட்டு, நாங்கள் கணக்குப் போட்டோம். சிக்கிக் கசங்கி வெளியே வந்த நகல்களின் பின்பக்கம்தான் எங்களுக்கு நோட்டுப்புத்தகம். முன்பக்கத்தில் யாரோ பிறந்திருப்பார்கள். பின்பக்கத்தில் நாங்கள் சமன்பாடு தீர்ப்போம். அக்காவுக்கு எக்ஸ் மேல் தீராத சந்தேகம். "யாருடி இவன்? நேத்து அஞ்சுன்னான், இன்னிக்கு மைனஸ் ரெண்டுங்கறான். ஒரு பேச்சுல நிக்க மாட்டானா?" விடை சரியாக வந்துவிட்டால் பேனாவை வீசிவிட்டு, "அகப்பட்டான் திருடன்!" என்று கத்துவாள். வெளியே காத்திருப்பவர் குனிந்து உள்ளே எட்டிப் பார்ப்பார்.

கடைசிப் பாடமாக வட்டமும் தொடுகோடும் மிச்சம் இருந்தன. தலைப்பை மட்டும் விளக்கினேன். வட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் தொட்டுவிட்டுப் போய்விடும் கோடு அது என்றேன்.

"தொட்டும் தொடாம போறதா? எங்க சொந்தக்காரங்க மாதிரின்னு சொல்லு."

அந்த வாரம் எனக்கு வேலை உத்தரவு வந்தது. தொலைவில் ஒரு நகரம். பத்து நாளில் சேர வேண்டும். அவளுடைய பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. உத்தரவை அக்கா இரண்டு முறை படித்தாள். சம்பளத்தைச் சத்தமாகப் படிக்கவில்லை, அது அவள் பண்பு. நான்கு நகல் எடுத்தாள். மூன்றை என்னிடம் கொடுத்துவிட்டு நான்காவதை மடித்து இழுப்பறையில் போட்டாள்.

"அது எனக்கில்லையாக்கா? தொலைக்கிறதுக்கு?"

"அதான் என்கிட்ட இருக்கு. தொலையப் போறது நீதானே?"

"பரீட்சைக்கு முந்தின ஞாயித்துக்கிழமை வந்துடுவேன்க்கா. வட்டத்தை முடிச்சுக் குடுத்துட்டுத்தான் திரும்பிப் போவேன்."

"வா, வா," என்றாள். அதற்குள் அடுத்தவர் தாளை நீட்டிவிட்டார். அவள் படிக்கத் தொடங்கிவிட்டாள்.

நான் போகவில்லை.

பேருந்து இல்லை, உடம்பு சரியில்லை என்று எதையாவது எழுதிவிடலாம். உண்மை இதுதான். சனிக்கிழமையும் வேலை நாள். மேலாளர் அறை வாசல் வரை போனேன். "யாருக்காவது உடம்பு முடியலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வீட்டில் ஏதாவது விசேஷமா?" இல்லை. "அப்புறம் என்ன விஷயம்?" ஜெராக்ஸ் கடை அக்காவுக்குக் கணக்குப் பரீட்சை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயம் பாதி என்றால், மீதியை வெட்கம் என்றுதான் சொல்ல வேண்டும். புது இடத்தில், புதுச் செருப்பில், நான் அப்போது எல்லாரையும் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். "ஒண்ணுமில்ல சார்," என்று திரும்பிவிட்டேன். அக்காவுக்கு, 'லீவு கிடைக்கல, நல்லா எழுதுங்க' என்று செய்தி அனுப்பினேன். 'சரி ஒரிஜினல்' என்று மட்டும் பதில் வந்தது.

என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. தேறியிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். தேறாவிட்டால் நான் எந்த முகத்தோடு கேட்பது? ஊருக்குப் போன மூன்று முறையும் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனேன். என் அப்பா கூட, "ஏன்மா இப்படிச் சுத்தற, கால் வலிக்கலையா?" என்று கேட்டார்.

என் வேலை விண்ணப்பங்களைப் பிரித்து, இணைப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது. சேர்ந்த நான்காவது மாதம், ஒரு பையனின் உறையைப் பிரித்தேன். சான்றிதழ் நகலில் ஒரு முடி கிடந்தது. ஊதினேன். போகவில்லை. மறுபடி ஊதப் போனவள், கோட்டைப் பின்தொடர்ந்து அடி வரை பார்த்தேன். ஒரு விரல்கடை மிச்சம். நகல்களை எண்ணினேன். மூன்று கேட்டிருந்தோம். நான்கு இருந்தன.

அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. எங்கள் ஊர் அஞ்சல் முத்திரை உள்ள உறையைக் கண்டால் நான்தான் முதலில் எடுப்பேன். கோட்டை விரலால் தடவுவேன். நான்காவது நகலைப் பிரித்து மேசையின் ஓரத்தில் ஒருநாள் முழுக்க வைத்திருப்பேன். அவள் இதைப் படித்திருப்பாள். உதடு அசைய, இந்த வரி வரைக்கும் வந்திருப்பாள். இந்தப் பையனின் பிறந்த தேதியைப் பார்த்து ஏதோ சொல்லியிருப்பாள், வரிசை சிரித்திருக்கும். என்ன சொன்னாள் என்பது மட்டும் தாளில் வராது.

ஏறக்குறைய இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. போன மாதம் எங்கள் ஊரிலிருந்து ஆறு உறைகள் வந்தன. ஒன்றிலும் கோடு இல்லை. வெள்ளை வெளேர் என்ற நகல்கள். எண்ணினேன். மூன்று, மூன்று, மூன்று.

மேலாளர் அறைக்குப் போனேன். "என்ன விஷயம்?" என்றார். "ஒருத்தங்களோட பரீட்சை ரிசல்ட் கேக்கணும் சார்," என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, ஏனென்று கேட்காமல் விடுமுறைத் தாளில் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னும் அப்படித்தான் போட்டிருப்பாரோ என்னவோ.

கடை அதே படிக்கு அடியில் இருந்தது. வரிசையில் நான்கு பேர். அக்கா யாருடைய தாளையோ படித்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. எனக்கு மூச்சு வந்தது. இயந்திரம் புதிது, உயரமாக, மினுமினுவென்று. அவள் ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரிஜினல் வருது என்ற குரல் வரவில்லை. ஐந்தாவதாக நின்றேன். என் முறை வந்ததும் கையை நீட்டினாள்.

"குடு."

"ஒண்ணும் கொண்டு வரலக்கா."

"அப்புறம் எதுக்கு வரிசைல நின்ன?"

எனக்குப் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, எழுந்து கதவைப் பாதி இறக்கினாள். "கோட்டைக் காணோமே?" என்றேன்.

"முதலாளி மெஷினை மாத்திட்டாரு. புதுசுக்குத் திக்குவாய் கெடையாது. சொன்னதைத்தான் சொல்லும், அதையும் எண்ணி வச்சுக்கும். முடியும் போச்சு, நாலாவதும் போச்சு." மூடியைத் துணியால் துடைத்தாள். "இப்ப யாரும் ஊதறதே இல்லடி."

"அந்தப் பரீட்சை..."

"நாலு மார்க்குல போச்சு." துடைத்துக்கொண்டே இருந்தாள். "வட்டத்துல எட்டு மார்க்குக்குக் கேட்டிருந்தான். அதுக்கப்புறம் ஒரு தடவை எழுதினேன். ஒரு தடவை போகவே இல்ல."

"லீவு கெடைக்கலன்னு அனுப்பினது பொய்க்கா. நான் கேக்கவே இல்ல."

"தெரியும். நான் எத்தனை லீவு லெட்டர் படிச்சிருக்கேன்."

வெளியே யாரோ வந்து, பாதி இறங்கிய கதவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். இந்த வருடம் பத்தாவது என்றாள். திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. இரண்டு பேருக்கும்.

"அவளுக்குத் தெரியுமா?"

"வீட்டுல ரெண்டு ஹால் டிக்கெட் இருந்தா தெரியாதா? ஒரு நாள் முழுக்கப் பேசல. மறுநாள் புஸ்தகத்தோட பக்கத்துல வந்து உக்காந்துட்டா. நல்லாத்தான் சொல்லித் தர்றா. ஆனா திட்டறாடி. இது கூடத் தெரியாதாங்கறா." துணியை மடித்து வைத்தாள். "நீ திட்ட மாட்ட. வராமத்தான் இருப்ப."

அவள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கேன்க்கா."

அவள் இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். பிரித்தாள். என் வேலை உத்தரவின் நான்காவது நகல். இடப்பக்கம் அந்தக் கோடு. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஊரே ஏமாந்ததுபோல அவளும் ஒருமுறை ஊதினாள். பிறகு தாளைக் குப்புறத் திருப்பி, வெற்றுப் பக்கம் மேலே தெரிய மூடியின் மேல் வைத்து, இடது உள்ளங்கையால் மடிப்புகளை நீவிவிட்டு, பேனாவைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து என் பக்கம் நகர்த்தினாள்.